சுருட்டை முடி, வறண்ட முடி: கேள்வி பதில்

தாம்பரம் வாசகி: சுருட்டை முடி, போர் தண்ணீர். குளித்த அன்று நன்றாக இருக்கிறது, மறுநாள் வைக்கோல். என்னதான் செய்வது, வரிசையாகச் சொல்லுங்கள்.

தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் நுனிவரை இறங்கிவிடும். சுருளில் வளைவுக்கு வளைவு தடைப்படும். அதனால்தான் வேரில் பிசுக்கு, நுனியில் வறட்சி.

வாரம் இரண்டு அலசல் போதும். குளிக்க அரை மணி முன்பு, தோள்வரை முடி என்றால் இரண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய், காதுக்குக் கீழே மட்டும். ஷாம்பு தலைத்தோலுக்கு, நுரை வழிந்து போகிற போக்கில் நுனி சுத்தமாகிவிடும், தனியாகத் தேய்க்காதீர்கள். அடுத்து கண்டிஷனர், கஞ்சத்தனம் இல்லாமல் இரண்டு டேபிள்ஸ்பூன். முடி வழுக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே ஏறிச் சிக்கெடுங்கள். மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: துவட்டிய பிறகு க்ரீம் தடவுகிறார்கள். தண்ணீர் சொட்டும்போதே லீவ்-இன் கண்டிஷனர் (அலசாமல் முடியிலேயே விடுவது) நெல்லிக்காய் அளவு, அதன்மேல் ஜெல். தலையைக் குனிந்து, கீழிருந்து மேலாகக் கையால் கசக்குங்கள். சளப் சளப் என்று சத்தம் வந்தால் ஈரம் போதும். வராவிட்டால் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். பழைய பனியன் துணியால் ஒற்றிவிட்டு, காயும்வரை தொடாதீர்கள். காய்ந்ததும் மொறமொறவென்று இருக்கும். அது ஜெல்லின் உறை. உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு கசக்கினால் உடைந்துவிடும். இரவில் உச்சியில் தளர்வான கொண்டை, தலையணைக்குச் சாட்டின் உறை.

போர் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் முடிமேல் படியும். மாதம் ஒருமுறை ஈ.டி.டி.ஏ. சேர்ந்த கீலேட்டிங் ஷாம்பு, அதாவது அந்தப் படிவைப் பிடித்து இழுத்துப் போகும் ஷாம்பு, போடுங்கள். கடைசி இரண்டு மக் மட்டும் ஆர்.ஓ. தண்ணீர். காய்ந்த முடியில் சீப்பு வேண்டாம்.

கோவை: ஆளிவிதை ஜெல் வடிகட்டவே முடியாமல் கட்டியாகிவிடுகிறது.

ஆறவிட்டிருப்பீர்கள். கால் கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர், மிதமான தீ, கிளறிக்கொண்டே இருங்கள். ஏழெட்டு நிமிடத்தில் கரண்டியிலிருந்து முட்டை வெள்ளைக்கரு போல நூலாக இறங்கும். அந்தக் கணத்தில் அடுப்பை அணைத்து, சூட்டோடு சூடாக வடிகட்டுங்கள். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் நீர்க்க இருக்கும்போதே எடுப்பது நல்லது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

மதுரை: வெங்காயச் சாறு தடவலாமா?

வறட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2002இல் புழுவெட்டுக்காரர்களிடம் செய்த ஒரு சிறிய ஆய்வை வைத்துத்தான் இத்தனை பேச்சும்.

தஞ்சாவூர்: தினமும் எண்ணெய் வைத்தால் வறட்சி ஏன் வரப்போகிறது? தலைமுறை தலைமுறையாக அப்படித்தானே இருந்தோம்?

எண்ணெய் ஈரம் இல்லை ஐயா. இருக்கும் ஈரத்தைக் காக்கும், அவ்வளவுதான். காய்ந்த முடியில் தடவினால் காய்ந்தது காய்ந்தபடி பளபளக்கும்.

தஞ்சாவூர்: தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கும் என்று ஆய்வே இருக்கிறது.

இருக்கிறது. 2003இல் வந்தது, செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்றாலும் முடிவு சரியானதுதான். மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெயைவிட அது முடியின் புரத இழப்பைக் குறைத்தது. புரதம் காப்பது வேறு, தண்ணீர் கொடுப்பது வேறு.

நாகர்கோவில்: அந்த ஆய்வில் குளித்த பிறகு தடவினாலும் பலன் என்றுதானே வந்தது? பாதியை மட்டும் சொல்கிறீர்களே.

ஒப்புக்கொள்கிறேன், குளிப்பதற்கு முன், பின் இரண்டுக்கும்தான். ஈர முடியில் நுனிக்கு நாலு சொட்டு என்றால் எனக்கும் சம்மதம். நான் மறுப்பது தினசரி உச்சி முதல் நுனிவரை பூசுவதை. அந்தக் காலத்தில் சீயக்காயும் அரப்பும் அத்தனை எண்ணெயையும் வழித்து எடுத்தன. இன்று பலர் கையில் இருப்பது சல்ஃபேட் (எண்ணெயை வழித்தெடுக்கும் நுரைப்பொருள்) இல்லாத மென்மையான ஷாம்பு. பாதி எண்ணெய் அப்படியே தங்கும், அடுத்த குளியலில் தண்ணீரே முடிக்குள் ஏறாது. பழக்கத்தின் ஒரு பாதியை விட்டுவிட்டு மறு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

தஞ்சாவூர்: அப்படியானால் சீயக்காய்க்கே திரும்பலாமே?

தாராளமாக. ஆனால் தூளைச் சலித்துவிட்டு, செம்பருத்தி இலையோ ஊறிய வெந்தயமோ அரைத்துச் சேருங்கள். அந்தக் கொழகொழப்பு இல்லாமல் சுருட்டை முடியில் சீயக்காய் போட்டால் சிக்கு எடுக்க ராத்திரி ஆகிவிடும். எண்ணெய் வைத்துத் தளரப் பின்னிய சடை உராய்விலிருந்து முடியைக் காத்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பஞ்சாயத்து இத்தோடு போதும்.

சேலம்: பொடுகும் இருக்கிறது. எண்ணெய் வைத்தால் போய்விடுமா?

வைக்காதீர்கள். பொடுகைக் கிளப்பும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. கீட்டோகோனசோல் 2% ஷாம்பு, வாரம் இருமுறை, தலைத்தோலில் ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். நுனிக்கு வழக்கமான கண்டிஷனர். நான்கு வாரத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவர்.

திருச்சி: விளக்கெண்ணெய்?

பசை மாதிரி கெட்டி. முடி வளர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. நீள முடி மொத்தமும் ஒரே உருண்டையாகச் சிக்குண்டு, வெட்டித்தான் எடுக்க முடிந்தது என்று மருத்துவ இதழில் பதிவே இருக்கிறது.

பெயர் சொல்லாதவர்: வெங்காயச் சாறு...

மதுரைக்குச் சொன்ன பதில்தான்.

வேலூர்: பார்லரில் கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்யச் சொல்கிறார்கள். சத்துதானே?

பெயர்தான் கெரட்டின், அதாவது முடியின் புரதம். வேலை செய்வது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு அல்லது கிளையாக்ஸிலிக் அமிலம், கூடவே அயர்ன் சூடு. ‘ஃபார்மலின் ஃப்ரீ’ என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான். அதைப் போட்டபின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்துள்ளன. டப்பாவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஈரோடு: சுருள் கலைந்தால் காலையில் சீவிவிட்டுப் போகலாமா?

காய்ந்த முடியில் சீப்பு வேண்டாம். தண்ணீர் தெளித்து விரலால் கோதுங்கள்.

கடலூர்: ஆறு வயது மகள். பள்ளிக்கு இறுக்கிப் பின்னுகிறோம், நெற்றிப்பொட்டில் முடி மெலிகிறது. என்ன எண்ணெய்?

எண்ணெய் அல்ல, இழுப்பு. இன்றே தளர்த்துங்கள், வகிட்டை வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அந்த இடம் வழவழவென்று மினுங்க ஆரம்பித்துவிட்டால் வேர் போய்விட்டது என்று பொருள். அதற்கு முன்பே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.