பணம் என்றாலே வரும் பயம் போக என்ன செய்யலாம்?

கேள்வி: "நான் செல்வந்தன், பணம் என்னைத் தேடி வருகிறது" என்று தினமும் காலையில் சொல்லச் சொன்னார்கள். மாதக்கணக்கில் சொல்லியும் மனம் மாறவில்லை. பணத்தைப் பற்றி நல்ல எண்ணம் வளர வேறு வழி உண்டா?

உண்டு. முதலில் அந்த வாசகத்தை விட்டுவிடுங்கள். அது பலிக்காததற்கு உங்கள் நம்பிக்கைக் குறைவு காரணமில்லை. "நான் செல்வந்தன்" என்று வாய் சொல்லும்போதே, மாதக் கடைசியில் கணக்கில் எவ்வளவு இருந்தது என்று மனம் எடுத்துக் காட்டிவிடும். உளவியலாளர் ஜோவான் வுட்டும் அவரது குழுவினரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு பணத்தைப் பற்றியது அல்ல என்றாலும் இங்கே பொருந்தும். தன்மதிப்பு குறைந்தவர்கள் "நான் அன்புக்குரிய ஆள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள்.

மனம் நம்புவது நடந்து முடிந்ததை. அதனால் சிறிதாகவாவது எதையாவது நடத்திக் காட்டுவதுதான் வழி.

ஒரு நோட்டில் பணத்தைப் பற்றி நீங்கள் அடிக்கடி சொல்லும் நான்கைந்து வாக்கியங்களை எழுதுங்கள். "என் கையில் காசு தங்காது", "பணக்காரன் என்றால் யாரையாவது ஏமாற்றியிருப்பான்", "கணக்கு வழக்கெல்லாம் எனக்கு வராது". இவற்றில் பெரும்பாலானவை சின்ன வயதில் வீட்டுப் பெரியவர்கள் ஏதோ ஒரு நெருக்கடியில் சொன்னவையாக இருக்கும். அவர்கள் நிலைமைக்கு அது சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் இவையெல்லாம் தீர்ப்புகள். தீர்ப்பை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, அதைத் தகவலாக மாற்ற வேண்டும்.

"கையில் காசு தங்காது" என்பதையே எடுத்துக்கொள்வோம். கடந்த 3 மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, சம்பளம் வந்த நாளிலிருந்து 10-ஆம் நாள், 20-ஆம் நாள், கடைசி நாள் என்று மீதியைக் குறியுங்கள். பலருக்கும் முதல் 10 நாளிலேயே பாதிக்கு மேல் கரைந்திருக்கும். இப்போது வாக்கியம் "முதல் பத்து நாளில் பாதி போகிறது" என்று ஆகிவிட்டது. பழைய வாக்கியம் உங்களைக் குறை சொன்னது. இது எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டுகிறது.

வாரத்துக்கு ஒரு நாள், 20 நிமிடம், கணக்கைத் திறந்து பாருங்கள். வந்தது, போனது, கையிருப்பு, கடன் என்ற நான்கு எண்களை மட்டும் தேதி போட்டு எழுதினால் போதும். முதல் இரண்டு மூன்று வாரம் வயிற்றைப் பிசையும். அப்போதுதான் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். பார்க்காமல் இருந்தால் கற்பனையில் தொகை பெரிதாகிக்கொண்டே போகும். பார்த்துப் பழகிவிட்டால் எவ்வளவு மோசமான எண்ணும் எண்தான். அன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள், எழுதி மூடிவிடுங்கள்.

கடன் இருந்தால் அதையும் இதே முறையில் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மாதம் 3 சதவீத வட்டியில் 100 கடன் என்று வையுங்கள். மாதம் 3 கட்டினால் வட்டிக்கே சரியாகப் போய்விடும், கடன் என்றைக்கும் தீராது. 5 கட்டினால் ஏறக்குறைய 31 மாதத்தில் தீரும். 10 கட்டினால் 12 மாதத்துக்குச் சற்று மேல். தவணை இரண்டு மடங்கானால் காலம் பாதியல்ல, பாதிக்கும் நன்றாகக் கீழே வருகிறது. "இந்தக் கடன் என் தலையெழுத்து" என்று நினைப்பவர் இந்தக் கணக்கைத் தன் கையால் போட்டுப் பார்ப்பது, ஆயிரம் முறை நல்ல வாசகம் சொல்வதைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து.

சேமிப்பில் நடக்கும் தவறு, ஆர்வத்தில் எடுத்த எடுப்பிலேயே 30 சதவீதம் ஒதுக்குவது. இரண்டாம் மாதம் செலவு வந்து அதை எடுக்க நேர்ந்தால், "என்னால் முடியாது" என்பதற்கு மனதுக்கு இன்னோர் ஆதாரம் கிடைத்துவிடும். 3 சதவீதத்தில் தொடங்குங்கள். சம்பள நாளிலேயே வேறு கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். சம்பளம் உயரும்போதெல்லாம் அந்த உயர்வில் ஒரு பங்கைச் சேமிப்புக்குத் திருப்புங்கள், கையில் வரும் தொகை குறையாததால் இழப்பாகவே தோன்றாது. பொருளியலாளர்கள் ரிச்சர்ட் தாலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி ஒப்புக்கொண்ட ஊழியர்களின் சேமிப்பு விகிதம் 40 மாதத்தில் 3.5-லிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. முதல் இலக்கு ஒரு மாதச் செலவுக்கான தொகை. அது சேர்ந்துவிட்டாலே தூக்கத்தில் வித்தியாசம் தெரியும். 3 முதல் 6 மாதச் செலவு என்பது அதற்கப்புறம்.

பணத்தை வாய் திறந்து பேசவும் பழக வேண்டும். உங்கள் வேலைக்குக் கூலி கேட்கும்போது தொகையைச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். எதிரில் இருப்பவர் வாய் திறக்கும் முன்பே நீங்களாகக் குறைத்துச் சொல்வதுதான் வழக்கமான இழப்பு.

வருமானமே அடிப்படைச் செலவுக்குப் போதவில்லை என்றால் மனநிலையைக் குறை சொல்லாதீர்கள். கரும்பு விவசாயிகளிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அதே விவசாயி அறுவடைக்கு முன், பணத் தட்டுப்பாடான நேரத்தில், சிந்தனைத் தேர்வுகளில் குறைவாகச் செய்தார். அறுவடைப் பணம் வந்தபின் நன்றாகச் செய்தார். மாறியது ஆளல்ல, கையிருப்பு. அதனால் பெரிய முடிவுகளைச் சம்பளத்துக்கு முந்தைய வாரத்தில் எடுக்காதீர்கள். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் போய், மாதம் உங்களால் உறுதியாகக் கட்ட முடிகிற தொகையை எழுதிக் கொடுத்துக் கால நீட்டிப்பு கேளுங்கள்.