கீழே பட்டறை, மேலே வீடு: முற்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நானும் கணவரும் ஹட்டனில் ஆசிரியர்கள், வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்கள் வீதியில் கீழ்த்தளத்தில் தச்சுப் பட்டறையும் தேயிலை பொதி செய்யும் இடமும், மேலே இரண்டு மாடி வீடுகளுமாக ஒரு கட்டடம் வரப்போகிறது. சத்தம், தூசி, லொறி என்று பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். மற்றவர்கள், பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலையும் வீடும் கிடைக்கும் என்கிறார்கள். அதில் ஒரு வீடு வாங்க நினைக்கிறோம். கட்டுபவர் இப்போதே 20 இலட்சம் முற்பணம் கேட்கிறார். மீதி 60 இலட்சத்துக்குக் கடன் எடுக்கலாமா?

பதில்: டீச்சர், அந்தக் கட்டடம் வரவேண்டும் என்றே நானும் சொல்வேன். நம் ஊர்களில் ஒரு பக்கம் தோட்டக் காணி, மறுபக்கம் சரிவு. வீடு கட்டத் தோதான தரை கொஞ்சம்தான். லயத்தில் பிறந்து படித்து வந்த பிள்ளைகள் டவுனில் ஒரு வீடு கிடைக்காமல் கொழும்புக்குப் போவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் 20 இலட்சத்தை இப்போது கொடுக்காதீர்கள்.

முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையையும் அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தையும் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்ததைப் பார்த்த நாம், மலையை வெட்டி மூன்று தளம் எழுப்பும் இடத்தில் இந்தத் தாள் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்கக்கூடாது. அப்புறம் உறுதி, அதாவது சொத்துப் பத்திரம். மாடி வீட்டுக்குத் தனி உறுதி எழுத, 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி தொடர்மாடி வரைபடம் பதிவாக வேண்டும். அதுவரை உங்கள் கையில் இருப்பது வெறும் உடன்படிக்கை. கட்டுபவர் கடனில் விழுந்தால் உங்கள் பணமும் அதோடு மாட்டிக்கொள்ளும்.

பட்டறைக்கு மேலே இருந்த ஒரு வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். கீழே இழைப்பு மெசின் ஓட, மேசையில் வைத்த தண்ணீர் கிளாஸில் வளையம் வளையமாக அலை எழுந்தது. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில் மரத்தூள். ஜூன் மழையில் இரண்டு நாள் உள்ளே காயப்போட்ட சட்டை அது. அந்த வீட்டுக்காரர் வாங்கும் முன் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை பூட்டியிருந்த நாள். ஆகவே கீழே என்னென்ன தொழில் நடக்கலாம், எத்தனை மணி வரை, வார்னிஷும் தின்னரும் எங்கே வைப்பார்கள் என்பதெல்லாம் உடன்படிக்கையில் எழுத்தில் இருக்க வேண்டும். தீக்காப்புறுதி எடுக்கும்போதும் கீழே தச்சுப் பட்டறை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் நஷ்டஈடு கேட்கும் நாளில் கையை விரித்துவிடுவார்கள்.

கடன் விஷயம்: 60 இலட்சம், 15 வருடம், 12 வீத வட்டி என்றால் மாதம் சுமார் 72,000 ரூபாய். வட்டி 16 வீதமானால் 88,000. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது நினைவிருக்கும். மாறும் வட்டிக் கடன்காரர்கள் அன்று பட்ட பாடு கொஞ்சமல்ல. 88,000 கட்டிய பிறகும் வீட்டுச் செலவு ஓடுமா என்று இருவருமாக உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஓடாது என்றால் கடனைக் குறைத்து, இன்னும் இரண்டு வருடம் சேமியுங்கள்.

அடுத்த வீதிக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். வேண்டும், வேண்டாம் என்று கை தூக்குவதை விட, இரவு வேலை கூடாது, லொறி ஏற்றி இறக்கக் காணிக்குள்ளேயே இடம் வேண்டும் என்ற இரண்டையும் நகர சபைக்குக் கொடுக்கும் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.