566 வெள்ளி டின்னரும் வரப்போகும் கல்யாண நாளும்

கேள்வி: வணக்கம் அக்கா. நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் ஓர் அலுவலகத்தில் கிராணி (குமாஸ்தா). கணவர் தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸில் டெக்னீஷியன். இந்த ஆண்டு காதலர் தினத்தன்று, வேலை முடிந்து களைத்துப் போயிருந்த என்னை பத்து ஃபிரிங்கியில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். செட் டின்னர் 488 வெள்ளி (ரிங்கிட்), பில் 566 வெள்ளி. கிரெடிட் கார்டில் கட்டினார். அந்தக் கார்டில் ஏற்கெனவே பாக்கி இருப்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இப்போது மொத்தம் 2,300 வெள்ளி, மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டுகிறார். ஆகஸ்ட்டில் எங்கள் கல்யாண நாள், அதுவும் வேலை நாள்தான். அன்றும் அங்கேயே போகலாம், ஊழியர் சேமநிதியின் (EPF) மூன்றாவது கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். வேண்டாம் என்றால் அவர் மனம் நோகும். என்ன சொல்வது?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு மனைவியை வெளியே அழைத்துப் போக நினைக்கிற மனம் நல்ல மனம். கல்யாண நாளைக் கொண்டாடுங்கள். அதை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் அந்தக் கார்டை அன்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும்.

காரணம் இருக்கிறது. கார்டில் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வட்டியில்லாத 20 நாள் அவகாசம் கிடையாது. நீங்கள் சாப்பிட்ட சாப்பாடு கணக்கில் ஏறிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்திருக்கும். மினிமத்தை மட்டும் கட்டுபவருக்கு, அதையும் சில மாதம் தவறவிட்டிருந்தால், ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி போடுவார்கள். அந்த 18-ஐயே வைத்துப் பார்த்தால் 2,300 வெள்ளிக்கு மாத வட்டி மட்டும் 34 வெள்ளி 50 சென். மினிமம் என்பது பாக்கியில் 5 விழுக்காடு, அதாவது 115 வெள்ளி. அதில் வட்டி போக அசலில் குறைவது 80 வெள்ளிதான். பாக்கி குறையக் குறைய மினிமமும் குறையும் என்பதால் கடன் இன்னும் இழுத்துக்கொண்டே போகும். இருவரும் சேர்ந்து மாதம் 300 வெள்ளி கட்டினால் ஒன்பதாவது மாதம் சின்னத் தொகையோடு முடிந்துவிடும். வட்டி ஏறக்குறைய 160 வெள்ளியோடு நிற்கும். 115 வெள்ளியையே கட்டிக்கொண்டிருந்தால் இரண்டு வருடம், 450 வெள்ளிக்கு மேல் வட்டி. அந்தப் பணத்துக்கு இன்னொரு கல்யாண நாளையே கொண்டாடலாம்!

மூன்றாவது கணக்கு விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேசவேண்டும். 2024 மே 11 முதல் நடப்பில் இருக்கும் கணக்கு அது. மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அங்கே போகிறது, 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுப்பது சுலபமாக இருப்பதுதான் எனக்குப் பயம். ஒரு இரவுச் சாப்பாட்டுக்காக அதில் கைவைக்கவேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் கார்டுக் கடனை அடைக்க என்றால் என் பதில் வேறு. சேமநிதி 2024-க்குக் கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. கார்டு கேட்பது 18. அதனால் ஒரே ஒரு முறை எடுத்துக் கடனைக் குறைப்பதில் கணக்குப்படி தப்பில்லை. அவர் கார்டை வெட்டிப் போடவோ உங்களிடம் கொடுத்துவிடவோ சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் சேமிப்பும் போயிருக்கும், கார்டிலும் பாக்கி பழையபடி நிற்கும். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

சரி, ஆகஸ்ட்டுக்கு வருவோம். காதலர் தினத்தன்று ஊரே ஒரே நேரத்தில் மேசை தேடும். ஹோட்டலும் அன்றைக்கென்று தனி மெனு போடும். மெனுவில் 488 என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், மற்றது 6 விழுக்காடு சேவை வரி. அப்படித்தான் 566 ஆனது. உங்கள் கல்யாண நாள் உங்கள் இருவருக்கு மட்டும்தான் பண்டிகை. அன்று எந்தக் கடையிலும் ரோஜா விலை ஏறாது.

இந்த மார்ச்சிலிருந்து ஜூலை வரை ஆளுக்கு 20 வெள்ளி தனியாக எடுத்து வையுங்கள். 200 வெள்ளி சேரும். அதற்குள் என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் வேலை முடிந்து தீவுக்குப் போகும் பாலத்து ஜாமில் மாட்டிக்கொண்டு பத்து ஃபிரிங்கி வரை போகவே மாட்டேன். நீங்கள் பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறுங்கள், அவர் பாயான் லெப்பாஸிலிருந்து நேராக ஜெட்டிக்கு வரட்டும். அங்கிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். வாழையிலைச் சாப்பாடு, தலைக்கு மல்லிகை, அப்புறம் பாடாங் கோத்தா கடலோரம் ஒரு நடை. திரும்பும்போது அவர் வண்டியில் பாலம் ஏறினால் டோலும் கிடையாது. நூறு வெள்ளிக்குள் முடியும். மிச்சத்தில் அவருக்கு ஒரு நல்ல சட்டை வாங்குங்கள்.

இதையெல்லாம் அவர் ஷிஃப்ட் முடிந்து வந்த இரவில் பேசாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பசியாறல் முடிந்ததும் கார்டு பில்லை மேசையில் வைத்து, "அன்னைக்கு நீங்க கூட்டிட்டுப் போனது எனக்குச் சந்தோஷம்தான்" என்று தொடங்குங்கள். 300 வெள்ளி கணக்கை அதற்கப்புறம் காட்டுங்கள். ஆகஸ்ட்டில் எத்தனை மணி ஃபெர்ரியில் வருவீர்கள் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.