தன் துணையைத் தானே தேர்ந்தெடுத்தால், பரம்பரையாக வரும் அடி உதை நின்றுவிடுமா?

தானாக நிற்காது. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பா வரும்போது தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு ராத்திரி எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். சத்தம் பலமாக இருந்தால் அம்மா உடனே டிவி சத்தத்தைக் குறைப்பார். பெரியவர்கள் முடித்துவைத்த கல்யாணம். அம்மாவின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியவனை நானே தேடிக்கொள்வேன் என்று பத்து வயதிலேயே முடிவு செய்துவிட்டேன்.

தேடியும் கொண்டேன். ஒரு மாலை அவன் சாவியை மேசைமேல் எறிந்தான். என் கை தானாக ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தது. அதுவரை அவன் என்னை அடித்ததில்லை. (அதற்குப் பிறகு அதிக நாள் ஆகவில்லை.)

லெனோர் வாக்கர் என்ற உளவியலாளர் 1979இல் இந்தச் சுழற்சியை எழுதினார்: புகைச்சல், அடி, அப்புறம் மன்னிப்பும் கொஞ்சலும். இதையே பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கொஞ்சல்தான் காதல் என்று பட்டது. நிதானமான ஆட்கள் சப்பென்று தெரிந்தார்கள். தேர்ந்தெடுத்தது நான்தான், ஆனால் என் கண் பழகியது அந்த வீட்டில். அதற்காக இதைத் தலையெழுத்து என்று சொல்லமாட்டேன். அடி பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கை ஓங்குபவர்களாக ஆவதில்லை. என் தம்பியே சாட்சி.

அப்படியானால் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். 1948இல் வந்த மனித உரிமைகள் பிரகடனத்தின் 16ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். இருவரின் முழுச் சம்மதத்தோடுதான் திருமணம் நடக்க வேண்டும் என்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். அதே பிரிவு, கல்யாணம் முறியும்போதும் இருவருக்கும் சம உரிமை என்கிறது. இதைத்தான் வசதியாக மறந்துவிடுகிறோம். பார்த்துக் கட்டிவைத்தால் "பொறுத்துப் போ", தானே தேடிக்கொண்டால் "நீயாத் தேடிக்கிட்டதுதானே, அனுபவி". வெளியே வரும் வழியை இரண்டு பேச்சும் அடைக்கின்றன. என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் அதிகக் கொடுமை. அதற்குப் பயந்தே ஒன்றரை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

கடைசியில் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா என்ன ஏது என்று எதுவும் கேட்கவில்லை. "வீட்டுச் சாவி உங்கிட்ட இருக்குல்ல? வந்துரு" என்றார்.