வாசகர் கேள்விகள்: பதின்மூன்றில் நின்ற ஆட்டம்

கேள்வி: டி.வி.யில் சேனல் மாற்றும்போது ஒரு மேட்ச் கண்ணில் பட்டது. பெண்கள் முட்டை மாதிரி ஒரு பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், உதைக்கிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துச் சாய்க்கிறார்கள். இது ரக்பியா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ரக்பி இல்லைங்க. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால், அந்த ஊரில் 'ஃபுட்டி' என்றாலே போதும். பெரும்பாலும் கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடுவார்கள். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டுக்குள் உதைத்தால் 6 புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனால் 1 (குறி தப்பினாலும் கூலி உண்டு, எனக்குப் பிடித்த விதி). பந்தை எறியக் கூடாது, ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்திவிட வேண்டும். ஆண்கள் அணிக்கு 18 பேர், பெண்கள் அணிக்கு 16.

கேள்வி: இந்த ஆட்டத்தில் பெரிய பெயரான எரின் பிலிப்ஸ் முன்பு கூடைப்பந்து ஆடியவராமே, ஏன் மாறினார்? (வாசகி, மதுரை)

பதில்: மாறினார் என்பதைவிட, திரும்பி வந்தார் என்று சொன்னால் சரியாக இருக்கும். அப்பா கிரெக் பிலிப்ஸ் போர்ட் அடிலெய்ட் ஃபுட்டி அணியோடு 8 முறை பட்டம் வென்றவர், அதனால் பந்து வீட்டிலேயே உருண்டுகொண்டிருந்தது. எரின் 13 வயது வரை பையன்களோடு ஆடினார். அதற்கு மேல் பெண் பிள்ளைக்கு வழியில்லை என்று ஆனதும்தான் கூடைப்பந்து. அதையும் சும்மா ஆடவில்லை: 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி, அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் 2012, 2014 என இரண்டு பட்டங்கள்.

2017 பிப்ரவரியில் பெண்களுக்கான தேசிய ஃபுட்டி லீக் தொடங்கியபோது அவருக்கு 31 வயது, பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயசு. அடிலெய்ட் அணியில் (அப்பாவின் போர்ட் அடிலெய்ட் வேறு அணி) சேர்ந்து, முதல் சீசனிலேயே கோப்பை, லீக்கின் சிறந்த வீராங்கனை விருது, இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம், எல்லாவற்றையும் அள்ளினார். 2019-இல் அதே மூன்றும் மறுபடி. அந்த இறுதிப் போட்டியை மட்டும் தேடிப் பாருங்கள்: அடிலெய்ட் ஓவல், 53,034 பேர், கார்ல்டன் அணி எதிரே. ஆட்டத்தின் மூன்றாவது குவார்ட்டரில் எரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், ஜவ்வு கிழிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. அடிலெய்ட் 63-18 என ஜெயித்தது.

2022-இல் மூன்றாவது கோப்பையும் வாங்கிவிட்டு அப்பாவின் போர்ட் அடிலெய்டுக்கே போனார். அங்கே பெண்கள் அணியே அப்போதுதான் தொடங்கியது, முதல் கேப்டன் இவர்.

கேள்வி: பேரும் புகழும் சரி, சம்பளம் குடும்பம் நடத்தக் காணுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: முதலில் காணவே காணாது. 2017-இல் அடிமட்டச் சம்பளம் சீசனுக்குச் சுமார் 8,500 ஆஸ்திரேலிய டாலர்தான், பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் ஏராளம். சீசன் சின்னது, அதனால் காசும் சின்னது என்று சமாதானம் சொன்னார்கள்; ஆனால் ஜவ்வு கிழிந்தால் அது ஒரு வருஷத்தையே சாப்பிட்டுவிடுமே, அதற்குக் கணக்கு எங்கே?

பிறகு படிப்படியாக ஏறியது. 2022-இல் அடிமட்டம் சுமார் 39,000, உச்சம் சுமார் 72,000. வருஷம் முழுக்க 12 மாத ஒப்பந்தம் என்று முடிவானது 2023-இல். எரின் ஓய்வு பெற்றதும் அதே ஆண்டில்தான்.