தோட்டத்தில் வேலை செய்த முன்னோர்களை சென்சஸ், தேவாலய ஏடுகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: "இங்கிலாந்துக்காரர்கள் சென்சஸையும் பங்குக் கோயில் ஏடுகளையும் வைத்துக்கொண்டு சுரங்கக் கூலி, பண்ணைக் கூலி வரை தங்கள் முன்னோர்களைத் தேடி எடுத்துவிடுகிறார்கள். மலேசியத் தோட்டத் தமிழர்களுக்கு அப்படி ஏதாவது வழி உண்டா?"

கோயில் ஏடு இருந்தால் உண்டு. சென்சஸால் முடியாது. சென்சஸ் அறிக்கைகளில் ஏழெட்டு மாதம் வீணடித்தவள் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் 1841 முதல் எடுத்த கணக்கெடுப்புகளில் வீட்டிலிருந்த ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. நூறு வருடம் கழிந்ததும் யாரும் பார்க்கலாம். 1921ஆம் ஆண்டு ஏடுகள் 2022இல் திறந்தன. அங்கேயும் ஏழைகளைப் பிடிப்பது சுலபமில்லை. 1841இல் பெரியவர்களின் வயதை ஐந்து ஐந்தாகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்ததால் 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவரின் பெயர், எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் இருக்கும். இந்தக் கடைசிச் சங்கதியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தேடலில் பாதி அதுதான்.

மலாயாவிலும் 1921, 1931, 1947 என்று கணக்கெடுத்தார்கள். ஆனால் நம் கைக்குக் கிடைப்பது அச்சிட்ட அறிக்கைகள்தான். தமிழர் எத்தனை பேர், தெலுங்கர் எத்தனை பேர், ரப்பர் தோட்டத்தில் எத்தனை பேர் என்று அட்டவணை அட்டவணையாகப் போகும். ஒரு பெயர்கூட இருக்காது. ஒரே ஒரு விஷயம் மட்டும் அந்த அறிக்கைகளில் என்னைப் பிடித்து நிறுத்தியது. 1931இல் சிங்கப்பூரையும் சேர்த்து மலாயாவில் இந்தியர்கள் ஆறு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். 1947இல் ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. பதினாறு வருடத்தில் பிள்ளை குட்டி பெற்றுப் பெருகியிருக்க வேண்டிய கூட்டம் குறைந்திருக்கிறது. 30களில் ரப்பர் விலை சரிந்தபோது ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1938இல் தோட்டக் கூலிகளை அழைத்துவருவதை இந்திய அரசு தடுத்தது. அப்புறம் ஜப்பான்காரன் காலம். என் கொள்ளுத்தாத்தா அந்தக் குறைந்த கணக்கில் ஒருவர்.

அவரைப் பற்றி எங்கள் வீட்டில் மூன்று சங்கதிதான் தெரியும். பெயர் சின்னப்பன். திருச்சி ஜில்லா. சயாம் (இன்றைய தாய்லாந்து) போனார், திரும்பி வரவில்லை. பாட்டி (அம்மாவின் அம்மா, அவருடைய மூத்த மகள்) இதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை. கோலாலம்பூர் செந்தூலில் ரயில்வே பட்டறைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட பிறகு தோட்டத்தைப் பற்றிப் பேசவே அவருக்குப் பிடிக்காது.

வீட்டு அலமாரியிலிருந்து தொடங்குங்கள். பாட்டியின் ஐசி (அடையாள அட்டை), சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), குடியுரிமைப் பத்திரம், மருத்துவமனை அட்டை, எதையும் விடாதீர்கள். ஐசி என்பதே 1948இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் வந்த அவசரகாலத்தில் வந்தது, அதில் உள்ள வயதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். முக்கியமாக, உங்கள் நேர் பாட்டியின் பத்திரத்தோடு நிற்காமல் அவருடைய தம்பி தங்கைகள் எல்லாருடைய பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு கிராணி (எழுத்தர்) எழுதியிருப்பார். எங்கள் வீட்டு மூன்று பிள்ளைகளின் பத்திரத்தில் ஒரே அப்பாவின் பெயர் மூன்று விதமாக இருந்தது. ஒன்றில் ஆங்கிலத்தில் 'சி'யில் தொடங்குகிறது, இன்னொன்றில் 'எஸ்'ஸில், மூன்றாவதில் 'ன்' போய் 'சின்னப்பா'. கணினியில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தட்டிப் பார்த்துவிட்டு "இல்லை" என்று முடிவுகட்டியவர்கள் எத்தனை பேரோ.

நாங்கள் கத்தோலிக்கர்கள். பாட்டி பிறந்தது பினாங்குக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில். அதனால் அந்தப் பக்கத்துக் கோயில்களுக்கு எழுதினேன். ஒரு கோயில் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) 'சின்னப்பன்' என்று யாரும் இல்லை என்றார்கள். மறு வருடமும் அதே பதில். அவர்கள் மேலும் தப்பில்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு. ஒரு நாள் கோலாலம்பூரில் பூசை முடிந்து வரும்போது வயதான உபதேசியார் ஒருவரிடம் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டார். "சின்னப்பன்னா பவுல் அம்மா. பிரெஞ்சுச் சாமியார் லத்தீன்ல எழுதியிருப்பார். பாவுலுஸ்னு கேளு."

வனத்துச் சின்னப்பர் படத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். நம் பெரியவர்கள் வைத்திருந்த கிறிஸ்தவப் பெயர்கள் பாதிக்கு மேல் மொழிபெயர்ப்புகள் அல்லது மருவியவை. சாமியார் ஏட்டில் எழுதும்போது மூலத்துக்குத் திரும்பிவிடுவார். ராயப்பனை பெத்ருஸ் என்று தேட வேண்டும். அருளப்பன் யோவான்னெஸ். சூசை யோசேப்புஸ், யாகப்பன் யாக்கோபுஸ், இன்னாசி இக்னாசியுஸ். ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், தேவசகாயம் லாசருஸ். இந்தப் பட்டியலை நான் முதல் நாளே கையில் வைத்திருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

பாவுலுஸ் என்று கேட்டதும் பாட்டியின் ஞானஸ்நானம் கிடைத்தது. 1927. அப்பா பாவுலுஸ், அம்மா அடைக்கலம், தோட்டத்தின் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய். பக்கத்து ஓரத்தில் பொடி எழுத்தில், வேறு மையில், இன்னொரு குறிப்பு: 1946இல் கோலாலம்பூரில் இன்னாரோடு திருமணம்.

இந்த ஓரக்குறிப்பைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. 1908 ஈஸ்டரிலிருந்து கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. யாராவது கல்யாணம் செய்துகொண்டால், ஞானஸ்நானம் வாங்கிய கோயிலுக்கு அந்தத் தகவலை அனுப்பி, பழைய ஏட்டின் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும். ஒருவர் ஏற்கெனவே கட்டியவரா என்று பார்க்கத்தான் இது. ஆனால் நமக்கு இது ஊர்விட்டு ஊர் போன கூலிக்காரரின் கால்தடம். ஞானஸ்நான ஏட்டைப் பிடித்தால் அது கல்யாணம் நடந்த ஊரைக் காட்டும். கல்யாண ஏட்டைப் பிடித்தால் ஞானஸ்நானம் நடந்த ஊரைக் காட்டும். எல்லாச் சாமியார்களும் ஒழுங்காக எழுதினார்கள் என்று சொல்ல மாட்டேன். போர்க்காலத்தில் பல குறிப்புகள் போய்ச் சேரவே இல்லை. எழுதியிருந்தால் அதிர்ஷ்டம்.

கோயிலுக்குப் போகும் முன் சில விஷயம். இவை பொது ஆவணங்கள் அல்ல. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், உறவைக் காட்டும் பத்திரங்களின் நகலை வைத்துக் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் போய் நிற்காதீர்கள். ஏட்டை உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. 1955க்கு முன்னால் பினாங்கும் கோலாலம்பூரும் தனித்தனி மறைமாவட்டங்கள் இல்லை, எல்லாம் மலாக்கா மறைமாவட்டத்தில் இருந்தவை. கோலாலம்பூர்த் தமிழர்கள் என்றால் ஜாலான் ராபர்ட்சனில் உள்ள புனித அந்தோணியார் கோயிலை மறக்க வேண்டாம். பினாங்கில் பினாங் ரோட்டு சவேரியார் கோயில்.

ஊரைக் கண்டுபிடித்தது இன்னொரு கதை. 'திருச்சி ஜில்லா' என்பதை வைத்துக்கொண்டு இன்றைய திருச்சி மாவட்டத்தில் தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்தக் காலத்து ஜில்லாவுக்குள் இன்றைய பெரம்பலூரும் அரியலூரும் கரூரும் அடங்கும். தஞ்சாவூர் என்று எழுதியிருந்தால் இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர் பக்கமாகவும் இருக்கலாம். வெறுமனே 'நாகப்பட்டினம்' என்றிருந்தால் அது கப்பல் ஏறிய ஊராக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதைப் போய்ச் சொந்த ஊர் என்று கொண்டாடிவிடாதீர்கள்.

எனக்குத் திசை காட்டியது கொள்ளுப்பாட்டியின் பெயர். அடைக்கலம். அரியலூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயில் இருக்கிறது, வீரமாமுனிவர் இருந்த இடம். அந்த வட்டாரத்துப் பெண்களுக்கு அந்தப் பெயர் வைப்பது வழக்கம். (செட்டிநாட்டு இந்துக் குடும்பங்களிலும் அடைக்கலம் உண்டு, அதனால் பெயரை மட்டும் நம்பிப் பயணச்சீட்டு வாங்கக் கூடாது.) அதை உறுதிசெய்தது ஞானத்தாய். மூன்று பிள்ளைகளின் ஞானஸ்நானத்திலும் ஒரே அம்மாள் ஞானத்தாயாக நின்றிருக்கிறார். கடல் கடந்து வந்த இடத்தில் ஒரு தோட்டத்துப் பெண்ணுக்குத் திரும்பத் திரும்ப ஒரே ஆள் ஏன் நிற்க வேண்டும்? ஊர்க்காரியாக இருப்பாள், இல்லையென்றால் அக்காள் தங்கையாக இருப்பாள். அந்த அம்மாளின் பேரப்பிள்ளைகள் பட்டர்வொர்த்தில் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் ஊரோடு கடிதப் போக்குவரத்து 70கள் வரை நடந்திருக்கிறது. கடித உறையில் அஞ்சல் முகவரி, தாலுகாவோடு. என் ஆளைத் தேடிப் போயிருந்தால் கிடைத்திருக்காது, பக்கத்தில் நின்றவளைத் தேடியதால் கிடைத்தது.

கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லார் வீட்டிலும் தாத்தா ரஜூலா கப்பலில்தான் வந்திருப்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ரஜூலா 1926இல் கட்டிய கப்பல். பாட்டியின் அண்ணனுக்கு 1924இலேயே இங்கே ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது. ஒன்று, ஊருக்குப் போய்த் திரும்பியபோது ரஜூலாவில் வந்திருப்பார். இல்லையென்றால் கப்பல் என்றாலே ரஜூலா என்று ஆகிவிட்டது. இப்படி ஒரு தெரிந்த வருடத்தை வைத்து வீட்டுக் கதையை உரசிப் பார்ப்பது நல்ல பழக்கம், பெரியவர்கள் முன்னால் செய்யாதவரை.

தோட்டத்துச் செக்ரோல் (ஆள் கணக்குப் பதிவேடு) கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. கொள்ளுத்தாத்தா கடைசியாக வேலை செய்த சிலாங்கூர்த் தோட்டம் துண்டாடலில் (தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது) கைமாறி, செம்பனை எண்ணெய்த் தோட்டமாகி, இப்போது தாமான், அதாவது குடியிருப்பு. ஆபீஸ் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். தோட்டத்தின் கம்பெனிப் பெயர் தெரிந்தால் கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகளைப் பாருங்கள். ஆள் பெயர் கிடைக்காவிட்டாலும் தோட்டத்தைப் பற்றிக் கிடைக்கலாம். நாம் தோட்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்போம், கம்பெனி வேறொரு பெயர் வைத்திருக்கும். இரண்டையும் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள்.

நீங்கள் இந்துக் குடும்பம் என்றால் ஞானஸ்நான ஏடு கிடையாது, மனம் தளர வேண்டாம். என் கணவர் வீட்டில் வேலை செய்தது குலதெய்வம். ஜில்லா பெயர்கூடத் தெரியாத அவர் அத்தைக்குக் குலசாமி பெயரும், பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரும் தெரிந்திருந்தன. அதை வைத்து ஊர்க் கோயிலையே பிடித்துவிட்டார்கள். எனக்கு ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

கடைசியாக, சயாம். 1942, 43இல் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் வெட்டிய கல்லறை வரிசைகள் காஞ்சனபுரியில் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படி இல்லை. அதனால் சாவுப் பத்திரம் தேடுவதை நான் விட்டுவிட்டேன்.

ஆனால் ஏடு இரண்டு இடத்தில் பேசியது. 1941 கடைசியில் கடைக்குட்டியின் ஞானஸ்நானம், அப்பா பாவுலுஸ், உயிரோடு இருக்கிறார். 1946இல் பாட்டியின் கல்யாணம். அந்த வரியில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் 'தெஃபுங்க்தி' என்று ஒரு சொல். காலஞ்சென்ற என்று அர்த்தம். அவர் இறந்ததற்கு எங்களிடம் உள்ள ஒரே எழுத்து அது.

அம்மாவிடம் நகலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பூசைக்குக் கொடுக்க வேண்டும், தேதிதான் தெரியவில்லையே என்றார். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குக் கொடுக்கலாம் என்றேன். கோயிலில் கொடுத்த உறையில் பெயர் எழுதும்போது தயங்கினார். 'பவுல்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'சின்னப்பன்' என்று எழுதினார்.