கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருந்தும் ஆக்சலோட்டல் ஏன் சாப்பிடவில்லை?

உங்கள் ஆக்சலோட்டல் (நீரிலேயே வாழும் ஒரு சலமந்தர், தவளைபோல ஈரூடகவாழி) மூன்று நாளாகத் தீன் எடுக்கவில்லை, செவுள்கள் முன்பக்கமாகச் சுருண்டிருக்கின்றன, தண்ணீரோ கண்ணாடி மாதிரி என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து தேடுமுன் தொட்டியில் வெப்பமானியைப் போடுங்கள். மெக்சிக்கோவின் சொச்சிமில்கோ ஏரியைச் சேர்ந்த உயிர் இது. 16–18 பாகை செல்சியஸ்தான் சுகம், 24ஐத் தாண்டினால் ஆபத்து. யாழ்ப்பாண வெயிலுக்குத் தொட்டி 30ஐச் சும்மா தொட்டுவிடும்.

அப்புறம் தண்ணீர். எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கடினநீர் இதற்குப் பிரச்சினை இல்லை, சொல்லப்போனால் நல்லதுதான். ஆனால் தோட்டக் காணிகளுக்குப் பக்கத்துக் கிணறுகளில் உரத்தால் நைத்திரேற்று கூடியிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. சோதித்துப் பாருங்கள். தொட்டிக் கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சுகளான அமோனியா, நைத்திரைற்று இரண்டும் 0 ஆக இருக்கவேண்டும். நைத்திரேற்று லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குள் நின்றால் நல்லது. கிணற்றிலேயே அது கூட என்றால் எத்தனை வாளி மாற்றினாலும் குறையாது, வேறு தண்ணீர்தான் பார்க்கவேண்டும்.

இப்போதைக்கு, சவர்க்காரம் படாத பிளாஸ்ரிக் பெட்டியில் தனியே விட்டு, தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரும் அதே குளிரில் இருக்கட்டும். உறையவைத்த தண்ணீர்ப் போத்தலை மூடியோடு மிதக்கவிடலாம். ஐஸை நேரே கொட்டவேண்டாம், சடுதியான குளிர் அதைத் தாக்கிவிடும். செவுளில் வெள்ளைப் பஞ்சுபோல ஏதாவது தெரிந்தால் பூஞ்சணம். கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.